ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு: ஊர்ப் பழக்கம் பிடிபட ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்பே போட்டுவைக்கும் கணக்கு), விசா என்று ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்கள். அதற்கெல்லாம் ஏஜென்சி உண்டு, யூடியூப் உண்டு, சீனியர்கள் உண்டு. போய் இறங்கின பிறகு வருகிற குழப்பத்துக்குத்தான் வழிகாட்ட ஆள் கிடைக்காது. கீழ்வீட்டுப் பாட்டி ஏன் முறைக்கிறார், கிளாஸ்மேட் வீட்டில் ஏன் இன்னொரு தடவை "போட்டுக்கோ" என்று சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஏன் ஊரே அடைத்துக் கிடக்கிறது? இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு, பல சமயம் எழுதிவைத்த காரணமே உண்டு. அது தெரியாமல் "இந்த ஊர்க்காரங்களுக்குப் பாசமே இல்லீங்க" என்று முதல் மாதமே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதில்தான் பாதி மனக்கசப்பு தொடங்குகிறது.

ஜெர்மனி முழுக்க ஒரே பழக்கம் கிடையாது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தென்மேற்கில் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தை, அதிலும் ஸ்டுட்கார்ட், எஸ்லிங்கன் சுற்றுவட்டாரத்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரசுப் பல்கலைக்கழகத்திலேயே செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிற மாநிலம் இது. அப்படியும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்தவர்கள் இங்கேதான் குவிகிறார்கள். நமக்கு முழுக்க அந்நியமான வட்டாரமும் இல்லை. எஸ்லிங்கன் நகரம் கோவையோடு நட்பு நகர உறவு வைத்திருக்கிறது. திருப்பூர் நிட்டிங் யூனிட்களில் பெயர்போன மேயர் வட்டப்பின்னல் மிஷின்களின் சொந்த ஊரான ஆல்ப்ஸ்டட் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. சிக்கனம், சொந்த வீடு, சொந்தத் தொழில் என்று கிடக்கும் இந்த வட்டாரத்து ஷ்வேபியன் மக்களைக் கண்டால் பல்லடத்து விசைத்தறிக்காரருக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு பழகின குணம்.

படி 1: பெட்டி கட்டும்போதே

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பயணியின் பெட்டியில் வரக்கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், நம்மிடம் அது இருக்காது. இந்த விதி 2019 டிசம்பரிலிருந்து கடுமையாகிவிட்டது. பிடிபட்டால் பறிமுதல் நிச்சயம், அபராதமும் வரலாம். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கிக் கொள்ளுங்கள். ரசப்பொடி, வறுத்த கொள்ளு, செலவு ரசத்துக்கான சாமான், மஞ்சள்தூள், பெருங்காயம் எல்லாம் சீல் வைத்த பாக்கெட்டில் போகட்டும். பெயர் எழுதாத வெள்ளைப் பொடியும் மஞ்சள் பொடியும் விமான நிலையத்தில் தேவையில்லாத கேள்வியை இழுத்துவிடும்.

பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கே பல நகரங்களில் ஈழத் தமிழர் கடைகளில் கிடைக்கும். கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

குக்கர் கொண்டுபோவதென்றால் அடியில் இண்டக்ஷன் குறி போட்ட ஸ்டீல் குக்கராக இருக்கட்டும், அலுமினிய குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஆகாது. மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மிக்ஸி ஓடும். நம் மூன்று முள் பிளக்தான் சுவரில் நுழையாது. எர்த் உள்ள, மிக்ஸியின் வாட்ஸைத் தாங்குகிற அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். டேபிள் டாப் கிரைண்டரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கல்லின் எடை ஒரு பக்கம் இருக்கட்டும், அரை மணி நேரம் அது ஓடுகிற சத்தத்தை அந்த ஊர் அபார்ட்மெண்ட் சுவர் தாங்காது.

படி 2: முதல் 14 நாள்

குடிபோன நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியேற்ற உறுதிச்சீட்டு ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் அந்தச் சீட்டுக்கு ஈடாகாது. பலர் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். ஆன்லைனில் நேரம் வாங்கித்தான் போக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் தேதி கிடைப்பது கஷ்டம். யாராவது ரத்து செய்த இடம் அதிகாலையில் திறக்க வாய்ப்பு உண்டு, அப்போது தேடிப் பாருங்கள்.

அதற்கும் முன்பு, வீட்டுக்குள் நுழைந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். கதவு எண்ணை வைத்துத் தபால் வராது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கிக் கார்டு, ரகசிய எண், இன்சூரன்ஸ், வரி எண் எல்லாமே தபாலில் வருகிற நாடு இது. நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயர்களையும் பெட்டியில் எழுதிவிடுங்கள்.

மஞ்சள் உறையில் வரும் கடிதத்தைத் தள்ளிப் போடவே கூடாது. தபால்காரர் உறைமேல் தேதி எழுதிப் போடுவார், பதில் தருவதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். டிவியே இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள். அது ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். மூன்று பேர் சேர்ந்திருந்தால் ஒருவர் கட்டி, மற்ற இருவரும் அவருடைய எண்ணைக் கொடுத்தால் போதும்.

படி 3: குப்பையும் பாட்டிலும்

காகிதம் ஒரு தொட்டி, சமையல் கழிவு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்கும் தகரமும் மஞ்சள் பையிலோ மஞ்சள் தொட்டியிலோ, மிச்சமெல்லாம் கறுப்புத் தொட்டி. நிறம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் மூடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். தவறு நடப்பது அநேகமாக சமையல் கழிவில்தான். வெங்காயத் தோலைப் பிளாஸ்டிக் கவரோடு போட்டால் தொட்டியை எடுக்காமலே போய்விடுவார்கள், மொத்தக் கட்டிடமும் உங்களைத் தேடும். செய்தித்தாளில் சுற்றிப் போடுங்கள். ஜாம், ஊறுகாய் பாட்டில்களை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துத் தெருமுனைக் கண்ணாடிக் கலத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகக் கூடாது, உடைகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

குளிர்பான கேனுக்கும் ஒருமுறை பாட்டிலுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை விலையோடு சேர்ந்திருக்கும். சூப்பர்மார்க்கெட் மிஷினில் பாட்டிலை நசுக்காமல், பார்கோடு தெரியும்படி விட்டால் சீட்டு வரும். அந்தச் சீட்டைக் கேஷ் கவுண்டரில் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

படி 4: மாடிப்படி முறை

இந்த வட்டாரத்தை வேறெதையும்விட நன்றாகக் காட்டுவது இதுதான். கேர்வோஹெ என்று ஒரு வாரமுறை. ஒருநாள் உங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் அந்தப் பெயர் எழுதிய சின்னப் பலகை தொங்கும். அந்த வாரம் படிக்கட்டு உங்கள் பொறுப்பு என்று அர்த்தம். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவருக்குக் கூட்டுவது புதிதில்லை. யார் முறை என்பதைக் கட்டிடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புதிது.

இதில் இரண்டு வகை. சின்ன முறையில் உங்கள் தளத்திலிருந்து அடுத்த கீழ்த்தளம் வரையிலான படிகள், கைப்பிடி, ஜன்னல் விளிம்பு. பெரிய முறையில் வாசல் நடைபாதை, நிலவறைப் படி, குப்பைத் தொட்டி நிற்கும் இடம். முதலில் கால்மிதியை வெளியே தட்டுங்கள். மேலிருந்து கீழாகப் பெருக்குங்கள், மூலையில் சேரும் தூசியைக் கைத் துடைப்பத்தால் எடுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். மரப்படியாக இருந்தால் தண்ணீர் தேங்கக் கூடாது, மரம் ஊறி வீங்கிவிடும். வாளியோடு தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நம் பழக்கம் இங்கே ஆகாது, கீழே வடிகால் இருக்காது. சனிக்கிழமை மாலைக்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிறன்று செய்தால் அதற்கும் பேச்சு வாங்கலாம். முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுங்கள். மாட்ட மறந்தால் அடுத்த வாரமும் உங்களுடையதே.

குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் இந்த முறையோடு வந்து சேரலாம். காலை 7 மணிக்குள் நடைபாதையில் வழி எடுத்திருக்க வேண்டும் என்று பல ஊர்களில் விதி. வழுக்கி விழுந்தவர் நஷ்டஈடு கேட்க முடியும். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு என்ன என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். ஊருக்குப் போகும் வாரத்தில் முறை வந்தால் பக்கத்து வீட்டில் பேசி மாற்றிக்கொள்ளலாம், கேட்டால் சரி என்பார்கள். கேட்காமல் போவதுதான் பிரச்சினை. ஒழுங்காக இரண்டு முறை செய்து முடித்த மாணவரிடம்தான் அந்தக் கீழ்வீட்டுப் பாட்டி முதன்முதலாக வானிலை பற்றிப் பேசத் தொடங்குவார். 1492-இல் ஸ்டுட்கார்ட்டில் போட்ட தெருச் சுத்த ஆணையிலிருந்து வந்த பழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுவையுங்கள்.

படி 5: சத்தம், ஞாயிறு, தாளிப்பு

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறும் விடுமுறை நாளும் முழுக்க அமைதி. வாஷிங் மெஷின், வேக்கம் கிளீனர், சுவரில் துளை போடுவது எதுவும் அன்று கூடாது. மிக்ஸியை வாரநாள் மாலையில் முடித்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில் என்றால் என்னவென்று அறைத்தோழர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள், கேட்டே இராதவர்கள் பயந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. ரயில் நிலையக் கடையும் பெட்ரோல் பங்கும் காலையில் சில மணி நேரம் பேக்கரியும்தான். சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, பால், காய் வாங்கிவிடுங்கள். டிசம்பர் 24 மதியத்துக்குப் பிறகு 26 முடியும் வரை இதே கதை. அந்த மூன்று நாளும் ஞாயிறோடு ஒட்டிக்கொண்டால் கணக்கு இன்னும் நீளும்.

தாளிப்புக்கு வருவோம். வீடுகளில் படுக்கையறையிலும் நடைக்கூடத்திலும் புகை அலாரம் உண்டு. எண்ணெய் புகையும்வரை விட்டு, கடுகும் மிளகாயும் போட்டால் அலாரம் கூவும். சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போகும், வண்டி வந்த செலவு உங்கள் தலையில் விழலாம். நடுத்தரச் சூட்டில் தாளியுங்கள், வெளியேற்று விசிறியை முதலிலேயே போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். புகையை வெளியே அனுப்ப நடைக்கூடப் பக்கக் கதவைத் திறந்துவிடுவது மிகப் பெரிய தப்பு, அங்கேயும் அலாரம் இருக்கும்.

சமைத்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் காற்று விடுங்கள், பிறகு மூடுங்கள். வெளியே பூஜ்ஜியம் டிகிரியாக இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். சாதம் வடிக்கும் ஆவியும் அறைக்குள் காயும் துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தச் சுவர் மூலையைத்தான். வைப்புத்தொகையில் கைவைக்க அது போதும். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்துவைப்பது பலன் தராது, சுவர் குளிர்ந்து ஹீட்டர் பில் ஏறும்.

படி 6: வகுப்பறை

நேரப் பட்டியலில் 10 சி.டி. என்றிருந்தால் வகுப்பு 10.15-க்கு, எஸ்.டி. என்றிருந்தால் சரியாக 10-க்கு. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். அது பாராட்டு, நீங்களும் தட்டுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் அட்டெண்டன்ஸ் கிடையாது. நம்ம ஊர்க் கல்லூரியில் 75 சதவீதத்துக்குப் பயந்து உட்கார்ந்தவருக்கு இந்தச் சுதந்திரம்தான் முதல் பள்ளம்.

இரண்டாவது பள்ளம் அரியர். "அடுத்த செமஸ்டர்ல கிளியர் பண்ணிக்கலாம்" என்ற நினைப்பை இங்கேயே இறக்கிவையுங்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கெடு போனால் ஹாலில் இடம் இல்லை. ஒரு பாடத்தின் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு எல்லை உண்டு, பல இடங்களில் மூன்று. கடைசி முறையும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். உங்கள் துறையின் தேர்வு விதித்தாளை முதல் வாரமே படித்து, பதிவுக் கெடு, விலகல் கெடு இரண்டையும் போனில் ஏற்றிவிடுங்கள். மதிப்பெண்ணும் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் என்றால் பதிவு எண், பாடப் பெயர், கேள்வி, இவ்வளவே. ஐயா, பணிவன்புடன் என்றெல்லாம் வளர்த்தால் கேள்வி கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். உங்கள் வரைவைப் பார்த்து அவர் "இது சரியில்லை" என்று நேராகச் சொன்னால் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பேசுவது தாளைப் பற்றி. எதனால் சரியில்லை என்று அங்கேயே கேளுங்கள்.

படி 7: "பாத்துக்கலாங்க" செல்லாத இடம்

கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. "சரிங்க, பாத்துக்கலாங்க" என்போம், கேட்டவருக்கும் அதன் உள்ளர்த்தம் புரியும். ஜெர்மன் நண்பரிடம் ஞாயிறு மலையேற வருகிறாயா என்பதற்கு "பார்க்கலாம், சரி" என்றால் அவர் டிக்கெட் கணக்கில் உங்களைச் சேர்த்துவிடுவார். போகாமல் இருந்தால் அடுத்த தடவை அழைப்பு வராது. கோபம் காட்ட மாட்டார், உங்களை நம்ப முடியாது என்று மனதில் குறித்துக்கொள்வார். வர முடியாதென்றால் அன்றே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதனால் உறவு கெடாது. குரூப் பிராஜெக்டிலும் இதே கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றால் புதன்கிழமையே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் இதன் மறுபக்கம். நம் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் இலையைக் கையால் மறைக்கிறவரைக்கும் பரிமாறுவோம். முதல் "போதுங்க" வெறும் மரியாதை. அங்கே முதல் "வேண்டாம்" என்பதுதான் கடைசி. கூச்சத்தில் ஒருமுறை மறுத்தால் பாத்திரம் நகர்ந்துபோய்விடும். பசித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விருந்து வைக்கும்போது அவர் தட்டில் கேட்காமல் சாதம் வைக்காதீர்கள். தட்டில் விழுந்ததை மிச்சம் வைப்பது அவருக்குச் சங்கடம், திணறிக்கொண்டே சாப்பிடுவார்.

7 மணிக்கு அழைத்தால் 7 மணி, ஐந்து நிமிடம் தாமதமாகலாம். முன்கூட்டிப் போய் நிற்பது தாமதத்தைவிட மோசம். அவர்கள் இன்னும் தயாராகியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் கதவைத் தட்டுவதும் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றவா என்று கேளுங்கள். கையில் பூவோ சாக்லேட்டோ நீங்களே செய்த முறுக்கோ போதும். ஹோட்டலுக்குப் போனால் அவரவர் பில் அவரவருக்கு. "நான் கொடுத்துக்கிறேன்" என்று மல்லுக்கு நின்றால் அவருக்கு அடுத்த தடவை கடன்பட்ட உணர்வு வரும். பிறந்தநாள் வாழ்த்தை முதல்நாளே சொல்லாதீர்கள், கெட்ட சகுனம் என்று நம்புகிறவர்கள் உண்டு. கேக் கொண்டுவருவது பிறந்தநாள்காரர் வேலை.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. இங்குள்ள ப்ரெட்சல் மாவில் சில பேக்கரிகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கின்றன. பருப்பும் ஸ்பெட்ஸ்லெயும் (முட்டை சேர்த்த மாவு நூடுல்ஸ்) என்கிற உள்ளூர்ச் சாப்பாடு பெயரைக் கேட்டால் நம்ம வீட்டுச் சாப்பாடு போல இருக்கும், ஆனால் பருப்பிலேயே பன்றிக்கறித் துண்டு வெந்திருக்கும். சாசேஜ் இல்லாமல் கொடுங்கள் என்பது போதாது, பருப்பில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். மௌல்டாஷன் என்கிற மாவுப் பொட்டலம் பெரும்பாலும் கறி அடைத்தது. முட்டை சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்றால் சீஸ் ஸ்பெட்ஸ்லெ.

படி 8: பழக்கம் பிடிக்கும் இடங்கள்

வகுப்பறையில் நட்பு மெதுவாகத்தான் வரும். வாரம் ஒரே நாளில், ஒரே ஆட்களோடு, ஒரே வேலை என்றிருக்கும் இடத்தில் சீக்கிரம் வரும். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பில் சேருங்கள். பதிவு திறக்கும் நிமிடத்திலேயே நிரம்பிவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மொழி ஜோடி என்று ஒரு ஏற்பாடு உண்டு, நீங்கள் தமிழோ ஆங்கிலமோ சொல்லித்தர அவர் ஜெர்மன் சொல்லித்தருவார். கோவையிலேயே ஜெர்மன் பி1 நிலை வரை படித்துவிட்டுப் போனாலும் ஷ்வேபியன் பேச்சு முதலில் காதில் ஏறாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிக்கட்டிலும் டாக்டர் கிளினிக்கின் காத்திருப்பு அறையிலும் நுழையும்போது பொதுவாக ஒரு வணக்கம் சொல்லும் வழக்கம் உண்டு. நம் பிள்ளைகள் தலையைக் குனிந்து போவதை அங்கே திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

படி 9: ஒரு வருடச் சுற்று

செப்டம்பர் கடைசியில் ஸ்டுட்கார்ட்டின் கான்ஸ்டாட் பகுதியில் திருவிழா. நவம்பர் கடைசியிலிருந்து எஸ்லிங்கனில் இடைக்காலப் பாணிக் கிறிஸ்துமஸ் சந்தை. அங்கே குடிக்கத் தரும் கோப்பைக்கும் வைப்புத்தொகை உண்டு, மது வேண்டாதவர்கள் குழந்தைகள் பஞ்ச் என்கிற மது இல்லாத பானம் கேட்கலாம். டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல் விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். தூக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் இந்த இருட்டால் வரலாம் என்று தெரிந்துவைத்திருங்கள், மதிய வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறும்போது இந்தியாவோடு உள்ள இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகும். அங்கே இரவு 8 என்றால் ஈரோட்டில் பன்னிரண்டரை. "கண்ணு, சாப்டியா" என்று கேட்க அம்மா விழித்திருக்க வேண்டாம், மதியமே பேசிவிடுங்கள்.

பெரும்பாலும் பிப்ரவரியில் வரும் ஃபாஸ்னெட் என்கிற முகமூடித் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். ரோட்வைல் ஊரில் திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் கறுப்பு வாசல் வழியாக மர முகமூடிக்காரர்கள் துள்ளி இறங்குவார்கள். குளிரில் இரண்டு மணி நேரம் நிற்கும்படி உடுத்துங்கள். முகமூடியைத் தொடாதீர்கள், அது பல வீடுகளில் தலைமுறைச் சொத்து. உங்களைச் சீண்டினால் சிரியுங்கள், அது ஆட்டத்தின் பகுதி. கோவில் ஏக்கம் வந்தால் ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது. கும்பாபிஷேகம் 2002-இல் நடந்தது, தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நெடும் பயணம், ரயில் தாமதத்துக்கு நேரம் விட்டுக் கிளம்புங்கள். நேரம் தவறாத நாடு என்ற பேச்சு அங்கத்து ரயிலுக்குப் பொருந்தாது.

படி 10: குறிப்பேடு

உதவித்தொகையிலோ பரிமாற்றத் திட்டத்திலோ போகிறவர்களிடம் திரும்பும்போது அனுபவ அறிக்கை கேட்பதுண்டு. கேட்காவிட்டாலும் எழுதிவையுங்கள். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நடந்தது, எனக்குத் தோன்றியது, அந்த ஊர்க்காரர் சொன்ன காரணம் என்று போடுங்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும்வரை இரண்டாவதை யாருக்கும் அனுப்பாதீர்கள், முக்கியமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு. "நேரடியாகப் பேசுவார்கள்" என்று பொதுவாக எழுதினால் ஆறு மாதம் கழித்துப் பயன்படாது. யார், எந்த இடத்தில், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒருவர் செய்ததை நாட்டின் குணம் என்று எழுதிவிட்டால் மார்ச் மாதம் நீங்களே அதை அடிக்க வேண்டிவரும்.

வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க: அனுமதி இல்லாமல் ஒருவர் முகம் தெரியும்படி எடுத்து வெளியிடுவது அங்கே சட்டப் பிரச்சினை. வகுப்பைப் பதிவு செய்யப் பேராசிரியரிடம் முன்பே கேட்க வேண்டும். விளையாட்டுத் திடலிலும் நீச்சல் குளத்திலும் குழந்தைகள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ஃபாஸ்னெட் ஊர்வலம் போன்ற பொது நிகழ்ச்சியில் கூட்டத்தைப் பொதுவாக எடுப்பதற்குத் தடையில்லை, தனி ஆளை நெருக்கத்தில் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.